சௌல்தாரியில் கிடைத்த சுருள்கல்

"அப்பா கையில குடும்மா. நான் அனுப்பினேன்னு சொல்லிக் குடு."

"வாங்க மாட்டாருடி."

"வாங்காட்டி விடு. தூக்கிப் போட்டாலும் பரவாயில்ல. ஆனா என் பேரைச் சொல்லாம மட்டும் குடுத்துடாத. பேரைக் கேட்டும் அவர் வாங்கிக்கிட்டார்னா, அடுத்த கப்பல்லயே நாங்க கிளம்பி வர்றோம்."

"சரிடி. சொல்றேன்."

மகள் நளினியோடு இரண்டு மாதத்துக்கு முன் போனில் பேசிய பேச்சு இது. மரகதம் அரிசி களையும்போதும், துணி மடிக்கும்போதும், கண்ணை மூடினாலும் இதுதான் காதில் ஓடியது. அதிலும் அந்தக் கடைசி "சரிடி, சொல்றேன்" இருக்கிறதே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவள் சொல்லவில்லை.

நளினி இப்போது இந்தத் தீவில் இல்லை; கடல் தாண்டி மெயின்லேண்டில், அரியலூரில் இருக்கிறாள். அவள் கணவன் ஜெரால்டுக்கு அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் என்ஜினீயர் வேலை. இருவரும் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான். இவர்கள் வீட்டுப் பொங்கல் அந்த வீட்டுக்குப் போகும். அந்த வீட்டு கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும். ஆனால் நாலு வருடத்துக்கு முன் பிள்ளைகள் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, நளினியின் அப்பா பக்தவத்சலம் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. "இனிமே இந்த வீட்டுல அந்தப் பேரு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதமே துறைமுக ஸ்டோர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டாலிகஞ்சுக்கு வாடகைக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து மரகதத்திடம் ஒரு வேண்டுதல் இருந்தது. சாமியிடம் அல்ல, புருஷனிடம். காபி கொடுக்கும்போது கேட்கலாம் என்று நினைப்பாள், அவர் முகத்தைப் பார்த்ததும் "சர்க்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள். நாலு வருடமாகச் சர்க்கரையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேசாத வீட்டில் மனுஷனுக்கு ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டுமே, பக்தவத்சலத்துக்குக் கல் பிடித்துக்கொண்டது. கடலோரம் போனால் சிவப்புக் கல், காட்டோரம் போனால் பச்சைக் கல். இதே கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பேப்பர் விரித்து, கண்டெடுத்ததையெல்லாம் பரப்பி, ஆணியால் கீறி, காந்தம் காட்டி, வினிகர் விட்டுப் பார்ப்பார்கள். ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் விஜயகுமாரிதான் தீர்ப்புச் சொல்பவர். "பவளத்தைத் தொட்டா கேஸ் ஆயிடும், யாரும் எடுத்துட்டு வராதீங்க" என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

ஜெரால்டின் சுரங்கத்தில் வெட்டிய பாறைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சுருள்கல். உள்ளங்கை அகலம். ஆட்டுக்கடாவின் கொம்பைச் சுருட்டி வைத்ததுபோல வரி வரியாக, அப்படி ஓர் அழகு. அப்பாவின் கல் ஆசையைக் கேள்விப்பட்டிருந்த நளினி அதைத் துண்டில் சுற்றி, நாத்தனார் ஜாக்குலினிடம் கொடுத்துக் கப்பலில் அனுப்பியிருந்தாள்.

மரகதம் அதை மூன்று நாள் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். கொடுத்து, பேரைச் சொல்லி, அவர் வாசல் வழியாக வீசிவிட்டால்? அப்புறம் கேட்க வாயே இருக்காது. அதனால் ஒரு யோசனை செய்தாள். முதலில் அவர் கண்ணில் படட்டும், ஆசை வைக்கட்டும், பிறகு நல்ல நேரம் பார்த்து "இது உங்க பொண்ணு அனுப்பினதுங்க" என்று சொன்னால் வீச மனசு வராது. சௌல்தாரியில் அவர்களுக்கு அரை ஏக்கர் பாக்குத் தோட்டம் இருந்தது. மழையில் அரித்துப்போன வாய்க்கால் கரையில் அந்தக் கல்லைப் பாதி புதைத்துவிட்டு வந்தாள். கல்தானே, எங்கே கிடந்தால் என்ன என்று நினைத்தாள்.

கல் பார்க்கிறவர்களுக்குக் கல்லைவிட அது கிடந்த இடம் பெரிது என்பது அவளுக்குத் தெரியாது.

அவர் அதைக் கண்டெடுத்த அன்று, சேறு காயாத காலோடு சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார். "மரகதம்! இங்க பாரு, பாரு!" நாலு வருடமாகக் காணாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

நாளைக்குள் காரியம் கை மீறிவிட்டது. விஜயகுமாரி டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது அம்மோனைட் சார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால கடல்ல இருந்த பிராணியோட ஓடு. நம்ம தீவுல கிடைச்சதா நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார். பக்கத்து வீட்டு சந்திரமதி சாளக்கிராமம் என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனாள். டீச்சர் மெயின்லேண்டில் ஒரு பேராசிரியருக்குப் படம் அனுப்பினார். எந்த இடம், எந்தக் கரை, எத்தனை அடி ஆழம் என்று அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார்.

பக்தவத்சலம் தோண்ட ஆரம்பித்தார். ஒன்று இருந்தால் பத்து இருக்குமாம். தினமும் காலை பஸ்ஸில் சௌல்தாரி போய், சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். பிரஷர் மாத்திரையை மறந்தார். வாய்க்கால் கரை போய், தோட்டத்துக்குள்ளேயே பள்ளம் வந்தது. வேர் தடுக்கிறது என்று காய்த்துக்கொண்டிருந்த பாக்கு மரங்களில் மூன்றை வெட்டினார். இரவு படுக்கும்போது, "இவ்வளவு நாள் என்னை ஒரு மனுஷனா எவனும் கேட்டதில்ல மரகதம். இப்ப ஒரு புரொஃபசர் கேக்கிறார்" என்றார். மரகதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு முழுவதும் சௌல்தாரிக்கே வந்துவிட்டது. முழுவதும் என்றால் டீச்சர், போட் என்ஜின் மெக்கானிக் தாமஸ், மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு வங்காளிக்காரர். மரகதம் எல்லோருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தாள். தாமஸ் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு அடி தோண்டினா மெயின்லேண்ட் வந்துரும், கப்பல் டிக்கெட் மிச்சம்" என்றார்.

"ஒளறாம மண்வெட்டியப் பிடி."

"மைனி, இவரு வீட்டுலயும் இப்படித்தானா?"

மரகதம் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

டீச்சர் சாப்பிடும் முன்பே பையைத் திறந்து வினிகர் பாட்டிலை எடுத்தார். "புரொஃபசர் மெசேஜ் போட்டிருக்கார். கல்லோட வரிக்குள்ள ஒட்டியிருக்கிற பழைய மண்ணையும், இந்தக் கரைக் கல்லையும் சேர்த்து டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொன்னார்."

"ஊறுகாயே போட்டுருங்க டீச்சர்" என்றார் தாமஸ்.

சுருள்கல்லின் வரிக்குள் மஞ்சளாகக் கெட்டித்திருந்த இடத்தில் டீச்சர் ஒரு சொட்டு விட்டார். புசுபுசுவென்று நுரைத்தது. கரையில் உடைத்தெடுத்த சாம்பல் நிறக் கல்லில் ஒரு சொட்டு. சும்மா கிடந்தது. வேறு நாலு கல்லில் விட்டார். ஒன்றும் நுரைக்கவில்லை. டீச்சர் பாட்டிலை மெதுவாக மூடினார்.

"சார், வருத்தப்படாதீங்க. இதுல ஒட்டியிருக்கிறது சுண்ணாம்பு. உங்க கரையில சுண்ணாம்பே இல்ல. இது இங்க உண்டான கல் இல்ல. வெளியிலேருந்து வந்தது."

"வெளியிலேருந்துன்னா?"

"நான் அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி" என்றார் தாமஸ். "ஹேடோவுல கப்பல் கப்பலா ஜல்லியும் சிமென்டும் இறங்குது. அதோட வந்திருக்கும்."

"என் தோட்டத்துல ஒரு சட்டி ஜல்லி இறக்கினது கிடையாது."

"அப்ப காக்கா தூக்கியாந்து போட்டுருச்சு."

வங்காளிக்காரர் சிரித்துவிட்டார். டீச்சருக்கும் உதடு துடித்தது. பக்தவத்சலம் மட்டும் பள்ளத்துக்குள் இடுப்பளவு நின்றபடி, தாமஸையே பார்த்தார்.

"காக்கா இல்ல. நீ."

"நானா?"

"போன வருஷம் உருகின பாட்டில் கண்ணாடியைக் கொண்டாந்து வானத்திலேருந்து விழுந்த கல்லுன்னு மூணு நாள் என்னை ஏமாத்தினவன்தானே? கேலி, மஜாக் பண்ண உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"அது விளையாட்டு அண்ணாச்சி. இது நான் இல்ல. மாதா மேல சத்தியமா இல்ல."

"சத்தியத்தை நீயே வெச்சுக்க. உங்க கூட்டத்துக்கே இது வழக்கம்தான். சிரிச்சுச் சிரிச்சுப் பழகவேண்டியது, வீட்டுக்குள்ள வரவேண்டியது, அப்புறம் இருக்கிறதுலயே பெரிசா பார்த்து அள்ளிட்டுப் போகவேண்டியது."

பேச்சு கல்லைப் பற்றியது இல்லை என்று அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வெட்டிப்போட்ட பாக்கு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த தாமஸ் எழுந்தார். போன மழைக்காலத்தில் பக்தவத்சலத்துக்கு நெஞ்சுவலி வந்தபோது, தன் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் வாரேன் மைனி. புளியோதரை இன்னொரு நாளைக்குச் சாப்பிடுதேன்."

அந்தக் குரலில் இருந்த அடி மரகதத்தின் நெஞ்சில் விழுந்தது. நல்ல நேரம் என்று ஒன்று வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் ஒரு நல்ல மனுஷன் தலைகுனிந்து போகிற நேரம் அல்லவா வந்திருக்கிறது!

"நில்லுங்க அண்ணே" என்றாள். "நான்தான் போட்டேன்."

தாமஸ் நின்றார். பக்தவத்சலத்துக்குக் காதில் ஏறவில்லை.

"என்ன போட்டே?"

"அந்தக் கல்லை. வாய்க்கால் கரையில நான்தான் கொண்டாந்து வெச்சேன். நீங்க பார்க்கணும்னு வெச்சேன்."

"உனக்கு ஏது இந்தக் கல்லு?"

மரகதம் பள்ளத்தை நோக்கி நடந்தாள். பள்ளத்தின் விளிம்பில், ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவர் முகமும் அவள் முகமும் இப்போது ஒரே உயரத்தில் இருந்தன.

"நளினி அனுப்பினா."

நாலு வருடத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவர் முன்னால் சொல்லப்பட்டது. டீச்சர் வங்காளிக்காரரைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு வேலிப் பக்கம் நகர்ந்தார். தாமஸுக்குப் போவதா இருப்பதா என்று தெரியவில்லை; மரத்தின் மேலேயே மறுபடியும் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

"மூணு மரம் வெட்டினேன்டி" என்றார் பக்தவத்சலம். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "காய்ச்ச மரம். புரொஃபசருக்கு என் பேர் போட்டு லெட்டர் எழுதினேன். நீ பாத்துக்கிட்டே இருந்தியா?"

"இருந்தேன். ஒவ்வொரு மரம் விழுந்தப்பவும் இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைச்சேன். சொல்லியிருக்கணும். உங்களை ஊர் சிரிக்க வெச்சது நான்தான். தாமஸ் அண்ணன் பேர்ல பழி விழுந்ததும் என்னாலதான். அவரைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க."

"ஏன் கையில குடுக்கல?"

"அவ குடுக்கத்தான் சொன்னா. பேரைச் சொல்லிக் குடுன்னுதான் சொன்னா. எனக்குத்தான் தைரியம் இல்ல. நீங்க வீசிடுவீங்கன்னு பயந்தேன்."

அவர், பள்ளத்தின் விளிம்பில் விரித்திருந்த பேப்பரின் மேல் இருந்த சுருள்கல்லை எடுத்தார். வினிகர் இன்னும் காயவில்லை. அவர் வீசவில்லை. பத்திரமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் ஆசை ஆசையாகத் தடவிப் பார்த்ததை, இப்போது எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவர்போல இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிடைச்சுது இது?" என்றார் கடைசியில். இவ்வளவு நடந்த பிறகும் அந்தக் கேள்விதான் வந்தது.

"அரியலூர்ல. சுரங்கத்துல. மாப்பிள்ளை எடுத்தது."

மாப்பிள்ளை. அந்தச் சொல்லை அவள் நினைத்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. அவர் தலை நிமிர்ந்தது. கண் ஓரத்தில் வேர்வையா வேறு ஏதாவதா என்று சேற்றுக் கையால் துடைத்ததில் தெரியாமல் போய்விட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லிவிட்டால், அது எதுவாக இருந்தாலும் சரி, தான் மறுபடியும் சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டு இன்னும் நாலு வருடம் ஓட்டிவிடுவோம் என்று மரகதத்துக்குப் பட்டது. அவரை முந்திக்கொண்டாள்.

"ஏங்க, அவளை வீட்டுக்குக் கூப்பிடுங்க. அவங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டு ஆகாது. நீங்க உங்க வாயால கூப்பிடணும்."