தரை காயும் வரை

அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவர் ஓடுகளில் கடைசி வரிசையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அவள் புறங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அப்பா போயிட்டாரு," என்றான் அண்ணன்.

அவள் பழக்கத்தில் குழாயை மூடப் போனாள். குழாயில் ஏற்கெனவே தண்ணீர் இல்லை. மாடித் தொட்டியை நேற்றே காலி செய்து, கழுவி, காயவிட்டிருந்தாள்.

"எப்போ?"

"பதினொண்ணு பத்துக்கு. பக்கத்துலதான் இருந்தேன். காபி வேணுமான்னு கேட்டேன். வேணாம்னு தலையாட்டினாரு. அப்புறம் ஆட்டல." கொஞ்சம் நிறுத்தினான். "நீ என்ன பண்ணிட்டு இருக்க?"

"சுவரு தேய்ச்சிட்டு இருக்கேன்."

"இன்னுமா?"

அவன் பக்கத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

வீடு விற்றாகிவிட்டது. பத்திரம் போன வாரம் பதிவானது. சாவியை நாளைக் காலை பத்து மணிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. நான்கு நாளைக்கு முன் அப்பாவுக்கு மூச்சு இரைத்து மருத்துவமனையில் சேர்த்தபோது, வீட்டை ஒழித்துக் கொடுக்கும் வேலை முழுதும் அவள் தலையில் விழுந்தது. அப்பா படுக்கையிலிருந்தே நடத்தினார். ஒவ்வொரு மாலையும் மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு மறுநாள் வேலையைச் சொல்வார். ஆணி ஓட்டைகளைச் சாக்பீஸ் தூளும் பசையும் குழைத்து அடைக்க வேண்டும். ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட வேண்டும். பாசி பிடித்த தொட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அண்ணனுக்கு இதெல்லாம் சிரிப்பு. "வித்த வீட்டுக்கு எதுக்குப்பா இவ்ளோ சிங்காரம்? பெருக்கிட்டு சாவியக் குடுத்தா முடிஞ்சது. அவங்க எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் போறாங்க."

"அது அவங்க வேலை. இது நம்ம வேலை," என்பார் அப்பா.

அவர் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்தவர். மாணவர்கள் வைத்த பெயர் ஆசிட் அண்ணன். ஒரு வகுப்பு போய் அடுத்தது வருவதற்குள், முன்னால் ஆள் நின்ற அடையாளமே இல்லாமல் மேசைகளைத் துடைத்துவைக்க வேண்டும். முதல் ஆளின் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த ஆளுக்கு விடை தப்பாகும். வீட்டையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

அவர் சொன்னதற்கு மேலேயே அவள் செய்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து அப்பா நேராக அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் கட்டிலைக் கொடுத்தாயிற்று. நாற்காலிகளைக் கொடுத்தாயிற்று. பாய், தம்ளர், கொடிக்கயிறு எல்லாம் போய்விட்டன. வீட்டில் மீதி இருந்தது ஒரு வாளி, ஒரு துடைப்பம், கால் பாட்டில் ஆசிட், அவள்.

"எங்க கொண்டு வர்றது?" என்றான் அண்ணன். "என் வீடு நாலாவது மாடி. லிஃப்ட்ல மூணு பேரு நின்னாலே மூச்சு முட்டும். படி வேற வளைஞ்சு வளைஞ்சு போவுது. அப்பாவைச் சாய்ச்சுத்தான் தூக்கணும்."

"இங்க கொண்டு வா."

"அது இப்போ நம்ம வீடு இல்ல. கேக்கணும்."

"நீ கேளு."

"என்னால இங்கருந்து நகர முடியாது. நாலு இடத்துல கையெழுத்து கேக்கறாங்க. நீயே கேளு. ஒரு தடவை கேளு."

அவள் கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவள். ஃபிரேம் காதை அழுத்துகிறது என்று யாராவது வந்து நின்றால் உள்ளறைக்குப் போய்விடுவாள். வாங்கியவர்களின் எண் அவளிடம் இருந்தது. ஒருமுறைகூட அதை அழைத்ததில்லை.

அழைப்பதற்கு முன் வாங்கியவர்கள் வீட்டு மாமியாரின் முகம் நினைவுக்கு வந்தது. வீடு பார்க்க வந்த முதல் நாளே, ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: "இந்த வீட்டுல யாராவது செத்திருக்காங்களா?" அம்மா இறந்த பிறகு வாங்கிய வீடு அது. அப்பா யோசித்துத்தான் பதில் சொன்னார்: "இதுவரைக்கும் யாரும் இல்லைம்மா." அதற்குப் பிறகுதான் பேச்சு மேலே போனது.

அழைப்பை எடுத்தது மருமகள், தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவளே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. கதவருகில் நின்று விஷயத்தைக் கேட்டாள்.

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணிக்கு வருவாங்க. அஞ்சு மணிக்கு எடுத்துடுவோம், அக்கா."

தையல்காரி கூடத்தைப் பார்த்தாள். துளி தூசி இல்லாத, ஒன்றுமே இல்லாத கூடம்.

"எங்க அத்தைக்குத் தெரிஞ்சா இந்த வீட்டுல காலே வைக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு லாரி எடுத்துட்டு வெளியூரு போயிருக்காரு. இருந்தா அவரு தலைல கட்டியிருப்பேன்." நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "எங்க அப்பாவை நாங்க வாடகை வீட்டு வாசல்லதான் வச்சோம். ஓனரு உள்ள விடல. மழை வேற."

தையல்காரி ஜன்னல்வரை நடந்து போய்த் திரும்பினாள்.

"கொண்டு வாங்க. நான் அத்தைகிட்ட சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க வரும்போது..." என்று தரையைக் காட்டினாள்.

"ஒண்ணும் இருக்காது அக்கா. அடையாளமே தெரியாது."

இரண்டு மணிக்கு வண்டி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படுக்கவைக்க எதுவும் இல்லை.

அண்ணன் காலி அறைகளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான். "ஒரு பாயாவது வச்சிருக்கக் கூடாதா? ஆணியைக்கூடப் பிடுங்கி வச்சிருக்க."

"அவருதான் எல்லாத்தையும் குடுத்துடச் சொன்னாரு."

"சொன்னாரு, சொன்னாரு. தனக்கே இடமில்லாமப் பண்ணிட்டாரு."

எதிர்வீட்டு பைக் மெக்கானிக் திருப்புளியோடு வந்தார். படுக்கையறைக் கதவின் கீல்களைக் கழற்றினார். தன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து செங்கல் கொண்டுவந்து, ஜன்னல் பக்கமாக நான்கு மூலைக்கும் இரண்டிரண்டாக அடுக்கினார். கதவை அதன்மேல் கிடத்தினார்கள். கதவின் மேல் அப்பா. குமிழ் இருந்த இடத்தில் அவருடைய வலது கை பட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் அதை எடுத்து வயிற்றின்மேல் வைத்தான்.

தண்ணீரும் மெக்கானிக் வீட்டிலிருந்துதான் வந்தது. முகத்தையும் கால்களையும் துடைத்தபோது கதவோரமாக வழிந்து செங்கல்லை நனைத்தது. வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. சுவரோரமாக நின்றார்கள். நரைத்த தலையோடு இரண்டு பேர், அப்பாவின் பழைய மாணவர்கள், ஷூவை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். ஒருவர் சுற்றிலும் பார்த்தார்.

"லேப் மாதிரியே வச்சிருக்காரு," என்றார் மெதுவாக.

"எதையும் தொட்டுடாத. திட்டுவாரு," என்றார் மற்றவர். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மெக்கானிக் கதவைக் கழுவி மறுபடி மாட்டியிருந்தார்.

"அப்பா வாக்கைக் காப்பாத்திட்டாரு பாத்தியா?" என்றான் அண்ணன், வாசலைப் பூட்டும்போது. "இதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் சாகல." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

காலை ஆறு மணிக்கு இருவரும் திரும்ப வந்தார்கள். அவள் கூடத்தைப் பெருக்கினாள். மெக்கானிக் வீட்டுக் குழாயிலிருந்து அண்ணன் பதினோரு வாளி தண்ணீர் சுமந்தான். காலடிகள் போயின. மண் போயிற்று. செங்கல் இருந்த நான்கு இடங்களிலும் சிவப்பு மட்டும் போகவில்லை. ஈரச் செங்கல்லின் சாயம் சிமெண்டில் இறங்கியிருந்தது. மெக்கானிக் வீட்டுச் சோடாத்தூளுக்குக் கேட்கவில்லை. கல்லால் தேய்த்தாள். அதற்கும் கேட்கவில்லை.

அவள் ஆசிட் பாட்டிலை எடுத்தாள்.

ஊற்றியதும் சீறி நுரைத்தது. அந்தச் சத்தம் கேட்டபோதே கையை எடுத்திருக்க வேண்டும். அது சிமெண்டையும் அரிக்கும் என்று ஆசிட் அண்ணனின் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சிவப்பு கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு இடத்திலும் ஊற்றினாள். தேய்த்தாள். நிறையத் தண்ணீர் விட்டு அலசினாள். ஈரத் தரை ஒரே கருஞ்சாம்பலாக, வாசலிலிருந்து ஜன்னல்வரை ஒரே மாதிரி மின்னியது.

"இப்போ யாரு வந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியாது," என்றான் அண்ணன். மாடிக்குப் போய்த் தொட்டியின் மூடியைச் சரிபார்த்துவிட்டு வந்தான்.

ஒன்பதரைக்கு வெயில் உள்ளே வந்தது. தரை ஓரங்களிலிருந்து காயத் தொடங்கியது. முதலில் ஜன்னலடியில் ஒரு மூலை வெளுத்தது. பிறகு அதற்கு எதிர்மூலை. நான்கும் காய்ந்து முடித்தபோது, கூடத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு, ஒன்றரை ஆள் அகலத்துக்கு, நான்கு வெள்ளைத் தடங்கள் இருந்தன. வேறெங்கும் அழுக்கில்லாததால் கண் நேராக அங்கேதான் போனது.

அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றான். "தரை முழுக்க ஆசிட் ஊத்திடலாமா? ஒரே கலராயிடும்."

"தீந்துடுச்சு."

"நான் சும்மா சொன்னேன்டி."

"தெரியும்."

"கேட்டா, கட்டில் இருந்த இடம்னு சொல்லு. நாலு கால். கரெக்டா இருக்கு."

சுமைவண்டி வாசலில் நின்றது. முதலில் மாமியார் இறங்கினார். உள்ளே வந்து சுவிட்சுகளைப் போட்டு அணைத்தார். ஆணி ஓட்டைகள் இருந்த இடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. சமையலறை ஓட்டில் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். கூடத்துக்கு வந்தவர் நின்றார்.

"இது என்ன?"

"கட்டில் கிடந்திருக்கும் அத்தை," என்றாள் தையல்காரி. அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

மாமியார் குனிந்து ஒரு தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அளந்தார். "கட்டில் காலு இவ்ளோ அகலமா?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். 'ஆமாம்மா, பழைய காலத்துக் கட்டில்' என்று அவன் சொல்லப்போவது அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் முடிந்துவிடும். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இந்த அம்மாள் தினமும் இந்த நான்கு தடங்களுக்கு நடுவில் நடப்பார், உட்காருவார், தெரியாமல்.

"செங்கல்," என்றாள். "செங்கல் வச்சிருந்தோம்மா. மேல கதவு. நேத்து எங்க அப்பாவை இங்கதான் வச்சிருந்தோம். மூணு மணி நேரம். ஆஸ்பத்திரியிலதான் போனாரு. அக்காகிட்ட நான்தான் கெஞ்சினேன்."

கெஞ்சவில்லை. ஆனால் அப்படிச் சொன்னாள்.

மாமியார் நிமிர முழங்காலில் கை ஊன்றினார். மருமகள் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார்.

"அந்த மனுஷனா? போன வாரம் பதிவுக்கு வந்தப்ப, மேல் தாழ்ப்பாளைத் தூக்கித்தான் போடணும், இல்லன்னா விழாதுன்னு மூணு தடவை சொன்னாரு. சொல்லிச் சொல்லி இருமினாரு."

"ஆமா," என்றான் அண்ணன்.

மாமியார் மருமகளைப் பார்த்தார். "என்கிட்ட மறைச்சிட்ட."

"சொன்னா விட்டிருப்பீங்களா அத்தை?"

"விட்டிருக்க மாட்டேன்," என்றார் அவர். நான்கு தடங்களையும் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு இறந்தவரின் மகளிடம் கேட்டார்: "தலை எந்தப் பக்கம்?"

அவள் ஜன்னலைக் காட்டினாள்.

வெளியே சுமைவண்டிக்காரர் ஹாரனை ஒருமுறை அடித்தார். மாமியார் வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார். "தையல் மெஷினை முதல்ல இறக்குப்பா. இங்க, ஜன்னல் பக்கம் போடு. வெளிச்சம் நல்லா இருக்கு." அதன்பிறகு மருமகளிடம், கோபம் முழுதும் போகாத குரலில், "நீதான் தினம் பத்து மணி நேரம் உக்காரப் போற. உனக்கே பயமில்லன்னா எனக்கென்ன," என்றார்.

மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு தடங்களுக்கும் நடுவில் வைத்தார்கள். அதன் கால்கள் எந்தத் தடத்தையும் தொடவில்லை. தையல்காரி மேசையை அழுத்திப் பார்த்தாள். ஒரு கால் ஆடியது.

"மடிச்சு வைக்க ஏதாவது இருக்கா?" என்று மாமியார் சுற்றிலும் பார்த்தார். "என்ன வீடும்மா இது. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல."

அவள் கைப்பையைத் திறந்தாள். சாவிக்கொத்துக்கு அடியில் மருத்துவமனையின் பார்வையாளர் அட்டை இருந்தது. நேற்றோடு அது செல்லாது. படுக்கை எண் உள்பக்கமாகப் போகும்படி இரண்டாக மடித்தாள். பிறகு நான்காக. குனிந்து மெஷின் காலுக்கு அடியில் செருகினாள்.

மாமியார் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பார்த்தார். ஆடவில்லை.