வெயில் பக்கத்து இருக்கை

ஒஹாயோ ஆற்றங்கரையில் கார்ட்வெல் என்ற ஊரில் கோவேறு கழுதைகள் இழுக்கும் டிராம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார் அம்ப்ரோஸ் ஹெக்லர். ஓட்டுநராகச் சேர்ந்தவர், சிறுகச் சிறுகச் சேமித்து அந்தப் பாதையையே வாங்கினார். வாங்கிய வருஷம், மனைவி ஒட்டிலியைக் கூட்டிக்கொண்டு பேஸ்பால் பார்க்கப் போனார். நிழலில் நல்ல இருக்கையாகவே சீட்டு எடுத்திருந்தார்.

மைதானமும் அணியும் கார்னிலியஸ் தேயருடையவை. பரம்பரைப் பணக்காரர். விருந்தாளிகளோடு வந்தவர் ஹெக்லரைப் பார்த்ததும் நின்றார்.

"ஏம்ப்பா, கழுதை வாடை அடிக்குதுன்னு லேடீஸ் சொல்றாங்க. அந்தப் பக்கம் வெயில்ல போய் உக்காரேன். உனக்குப் பழக்கம்தானே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹெக்லர், "சரிங்க" என்று எழுந்துவிட்டார். பின்னால் ஒட்டிலி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். தேயர் சொன்னதைவிட, தன் வாயிலிருந்து வந்த அந்தச் "சரிங்க"தான் ஹெக்லரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை என்றே சொல்லலாம். ஊரின் மற்ற டிராம் பாதைகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டார். கழுதைகளை விற்று மின்சார வண்டிகளை இறக்கினார். பாதை முடியும் இடத்தில் தேயருடையதைவிடப் பெரிய மைதானம் கட்டினார். தேயரின் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் சம்பளம் பேசித் தன் புது அணிக்கு இழுத்தார். லெம் கில்பாட்ரிக் என்ற இடதுகைக்காரன்தான் முதலில் வந்தான். அவன் எறிந்தால் பந்து மட்டையைத் தொடுவதே அபூர்வம். தேயரின் மைதானத்தில் ஆட்டம் உள்ள நாளெல்லாம் அந்தப் பக்கம் போகும் தண்டவாளத்தில் ஏதோ பழுது வந்துவிடும். நடந்தே போய்ப் பார்க்க எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்?

தேயர் கடனில் மூழ்கினார். மைதானம் ஏலத்துக்கு வந்தது. ஹெக்லரே எடுத்து, இடித்து, அங்கே டிராம் கொட்டகை போட்டார். நிழல் இருக்கைகள் இருந்த இடத்தில் முதல் கடப்பாரை விழும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஒட்டிலி கேட்டாள்: "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குவியா?"

"அவன் வெயில்ல உக்காரணும். அதை நான் பாக்கணும்."

மறுநாளே தேயருக்கு, தன் மைதானத்தில் வருஷம் முழுக்க வெயில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இலவச அனுமதிச் சீட்டு அனுப்பினார். வந்து கூனிக் குறுகட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளுக்குள் குமுறட்டும் என்பதுதான் எண்ணம்.

தேயர் வந்துவிட்டார். அதுவும் ஹெக்லரின் டிராமிலேயே. தன் தனி அறையிலிருந்து தொலைநோக்கி வழியே ஹெக்லர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்ப்பு ஆலைத் தொழிலாளிகளுக்கு நடுவே தேயர் கோட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வேர்க்கடலை உரித்துத் தின்றார். லெம் எறிந்த பந்து வளைந்ததா இல்லையா என்று பக்கத்து ஆளோடு மல்லுக்கு நின்றார். ஜெயித்தபோது ஊரோடு சேர்ந்து கத்தினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்படியே வந்தார்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அவரே படியேறி வந்தார். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"மிஸ்டர் ஹெக்லர், உங்களுக்கு நன்றி சொல்லணும். விருந்தாளிங்களைக் கவனிக்கவே அப்ப எனக்கு நேரம் சரியா இருந்துச்சு. ஆட்டத்தை இப்பதான் பாக்கறேன்."

குத்தலா என்று ஹெக்லர் அந்த முகத்தில் தேடினார். இல்லை. மனுஷன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

"ஒருநாள் என்னையும் என் சம்சாரத்தையும் எழுப்பி அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா?"

தேயர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நானா? அப்படியா பண்ணேன்? இருக்கும். அப்ப எத்தனையோ பேரை எழுப்பியிருக்கேன்."

அந்த வாரமே லெம்மை பால்டிமோர் அணிக்கு விற்றார் ஹெக்லர். லெம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன தப்பு செய்தேன் என்று கேட்டான்.

"நீ நல்லா எறியறே. அதான் தப்பு."

அடுத்து மற்றவர்களும் போனார்கள். அவர்கள் இடத்துக்கு, சந்தையில் மூட்டை தூக்குபவர்களையும் வேலையில்லாதவர்களையும் பிடித்துப் போட்டார். அணி தோற்றது, மறுபடி தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. ஊரே அவரைத் திட்டியது. டிராம் கண்ணாடிகளில் கல் விழுந்தது. மைதானத்துக்குப் போகும் வண்டிகள் காலியாக ஓடின. ஒட்டிலியோடு கடைக்காரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள்.

"ஒரு ஆளுக்காக ஊரையே தண்டிக்கிறியே," என்றாள் அவள்.

"அவனுக்கு ஞாபகமே இல்லை, ஒட்டிலி."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேயர் சில வாரம் அந்தத் தோல்விகளையும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு வருவது நின்றது. அவர் வராத முதல் நாள், மழைத் தூறலில், ஆளில்லாத இருக்கைகளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் அணி உதைபடுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, நல்ல ஆட்டம் என்றார் ஹெக்லர். பக்கத்தில் இருந்த அணி மேலாளர் விழித்தார்.

இலை உதிரும் காலத்தில் அந்த மேலாளரே செய்தி கொண்டுவந்தார். தேயர் சின்சினாட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அங்கேயும் வெயில் பக்கம் உட்கார்ந்து ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறாராம். ஆளும் நன்றாகத் தேறிவிட்டாராம்.



"சின்சினாட்டியில டிராம் யாரோடது?" என்று கேட்டார் ஹெக்லர்.

மேலாளருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை ரயிலில் ஹெக்லரே கிளம்பினார். ஒட்டிலி வழியனுப்ப வரவில்லை.