வால் முளைத்த மணிகள்

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியை இழுப்பான், உட்காராமலே விட்டுவிடுவான். கண்ணாடிக் குழாயை விரலால் சுண்டுவான். சன்னல் வரை போவான், திரும்புவான்.

குழாய் நிறைய வெள்ளை மணிகள். கடற்பாசிப் பசையில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் உப்புநீரில் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக வைத்தவை. கீழிருந்து சர்க்கரைக் கரைசல் ஏறும். உள்ளே அடைபட்ட பாக்டீரியா அதைத் தின்று நுரைப்பொருளைக் கக்கும். அதை வைத்துத்தான் கம்பெனி புதிதாகப் பாத்திர சோப்பு செய்யப் பார்த்தது. மணிகளைப் போட்டவள் அவன் மனைவி. அவள் போய்விட்டாள். மணிகள் வேலைக்கு வந்துகொண்டிருந்தன.

இந்த வாரம் நுரை படுத்துவிட்டது.

“சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்,” என்றார் மேலாளர். “அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டு வேற ரகம் வாங்கிப் போட்டுடலாம். பொணத்துக்குக் காவல் இருக்க முடியாதுப்பா.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மணிகளின் மேல் வழவழவென்று ஏதோ படிந்து, சர்க்கரையை உள்ளே விடாமல் அடைத்திருந்தது. கழுவிப் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் குவளையில் எடுத்தான். கை தானாக அலமாரிக்குப் போய் பாஸ்பேட் கரைசலை எடுத்து ஊற்றியது. கல்லூரியில் பழகிய கை. மணியில் அடைக்காத பாக்டீரியாவை அதில்தான் கழுவுவார்கள். அவன் வேலை எப்போதும் அதோடுதான். ஊற வைத்துவிட்டு மாடிப்படி ஏறினான், இறங்கினான், தேநீர் வாங்கினான், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான்.

குவளையில் மணிகள் இல்லை. தண்ணீர் பால் கலந்ததுபோல் நின்றது. பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், பசை கரைந்துபோகும். தெரியாததா என்ன!

பக்கத்து அறையில் தரம் பார்க்கும் மச்சினி எட்டிப் பார்த்தாள். “என்ன மாமா, சிலை மாதிரி நிக்கிறீங்க?”

“கரைச்சுட்டேன்.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள். “அக்கா இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பா.”

“வரச் சொல்லு. அடிக்கட்டும்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சட்டென்று குவளையைத் தன் பக்கம் நகர்த்தினாள். “கரைஞ்சது பசைதானே? உள்ள இருந்தது எங்க போயிடும், இதுலதான் மிதக்குது. மெஷின்ல சுத்த விட்டு, அடியில தங்கறத எடுத்துப் புதுப் பசையில கலங்க.”

“நான் மணி போட்டதே இல்லையே.”

“தெரியும். அதான் அவ இருந்தாளே. இந்தாங்க, ஊசியப் பிடிங்க.”

பிடித்தான். உப்புநீருக்கு மேல் வைத்து அழுத்தினான். சொட்டுகள் இழுபட்டு விழுந்தன.

“உருண்டையா வரணும் மாமா. நீங்க தலைப்பிரட்டை விடுறீங்க.”

“நீயே போடேன்.”

“மாட்டேன். கரைச்சது யாரு?”

பசை தீரும்வரை நின்றபடியே சொட்டு விட்டான். கடைசிவரை வால் போகவில்லை.

சனிக்கிழமை மேலாளர் குழாய்க்குள் குனிந்து பார்த்தார். “என்னய்யா இது, வால் முளைச்சிருக்கு?”

அவன் மேலே காட்டினான். நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அவர் சட்டைக் கையில் சொட்டியது.

“அட! இது அவங்க போட்டதா, நீ போட்டதா?”

“பாக்டீரியா அவளோடது சார். வால் என்னோடது.”

அவர் போனதும் நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.