பார்சல் கட்டுறவங்களுக்கு

அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். மதியம் பன்னிரண்டேகால். ஓட்டலில் பார்சல் வாங்குகிறவர்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் விளிம்பில், பில் போடும் இயந்திரத்தை ஒட்டி டப்பாவை வைத்திருந்தார்கள். தலையில் கத்தியால் கீறிய ஓட்டை. வயிற்றில் ஒட்டிய தாளில் நீலப் பேனாவால் ‘பார்சல் கட்டுறவங்களுக்கு’ என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் மீதிச் சில்லறையை அப்படியே அதில் போட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். தராசுத் தட்டின் அடியில் காந்தத்தை ஒட்டிவைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். போட்ட விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் என் கணக்கில் அது திருட்டுதான். ஓய்வு பெற்றாலும் புத்தி ஓய்வு பெறுகிறதா?

“இது எதுக்கு?” என்று கேஷியரைக் கேட்டேன்.

“விருப்பப்பட்டா போடலாம் சார். கட்டாயமெல்லாம் இல்ல.”

“உள்ள உக்காந்து சாப்பிட்டா தண்ணி வைக்கிறாங்க, எச்சித் தட்டை எடுக்குறாங்க. சரி, குடுக்கலாம். நானே நடந்து வந்து, நானே நின்னு, நானே தூக்கிட்டுப் போறேன். இதுல யாருக்கு, எதுக்குக் குடுக்கணும்?”

பின்னாலிருந்து யாரோ, “சரியாத்தான் கேக்குறாரு” என்றார். எனக்கு அது போதும். முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். என் பழைய வேலையையும் சொன்னேன். மனிதர் முகம் மாறிவிட்டது. மறுநாள் டப்பா இல்லை.

ஜன்னலுக்கு உள்ளே பார்சல் கட்டுகிறவளை எல்லோரும் ‘மூடி’ என்று கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். எந்த டப்பாவானாலும் மூடியை அழுத்தி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பாள். அதனால் வந்த பெயர். டப்பா காணாமல் போன அன்றும் அவள் என் சூப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். “சூடா இருக்கு சார், அடியில புடிச்சுக்குங்க” என்று தினமும் சொல்வதையே சொன்னாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

சூப் என் மனைவிக்கு. பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இடது கை, இடது கால், அதோடு தொண்டையும் பாதி போய்விட்டது. எதை விழுங்கினாலும் புரையேறும். “நார், திப்பி எதுவும் இருக்கக்கூடாது. நுரையீரலுக்குள்ள போயிட்டா சிக்கல்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குச் சமைக்கத் தெரியாது. நாற்பது வருடம் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் காலத்தை ஓட்டியவன். முதல் நாள் ஜன்னலில் நின்று, “வீட்ல முடியாதவங்களுக்கும்மா, கட்டிகிட்டி இல்லாம குடு” என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். “சரி சார்” என்றாள் அவள். அன்றிலிருந்து தெளிவான சூப் வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டல் சூப்பே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லப்போனால், நினைக்கவே இல்லை. வாங்குவேன், கிண்ணத்தில் ஊற்றுவேன், ஸ்பூனால் ஊட்டுவேன்.

டப்பாவை எடுக்கவைத்த கதையை அன்று ஊட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். முதலாளி முகம் எப்படிப் போனது என்று நடித்தும் காட்டினேன். முன்பெல்லாம் இப்படிக் கதை சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அன்று ஸ்பூனை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போ...ட்டிருக்...கலாம்ல” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“உனக்கு இதெல்லாம் புரியாது. வாயத் தொற” என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஜன்னலில் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். நல்ல கூட்டம். சூப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். நான்காவது ஸ்பூனில் மனைவிக்கு இருமல் வந்தது. வழக்கமான புரைதான் என்று முதுகைத் தட்டினேன். நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. வலது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அவளைக் குனியவைத்துத் தட்டியபோது விரல் நீளத்துக்கு ஒரு கோழி நார் வெளியே வந்தது. அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தேன். அடியில் நாரும் வெங்காயத் தோலும் கிடந்தன.

பக்கத்து வீட்டுக்காரரை அவளருகே உட்காரவைத்துவிட்டு, மிச்ச சூப்போடு ஓட்டலுக்குப் போனேன். இத்தனை நாள் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு இன்றைக்கு ஏன் இப்படி என்று கத்தினேன்.

கேஷியர் சூப் டப்பாவைத் திறந்து பார்த்தார். “சார், எங்க சூப்பே இதுதான். எல்லாருக்கும் இதுதான் போகுது. மூடிதான் உங்களுக்குன்னு தனியா எடுத்து ரெண்டு தடவ வடிகட்டும்.”

“யார் சொல்லி?”

“நீங்கதான் மொத நாள் சொன்னீங்களாமே.”

“அவ எங்க?”

“நேத்தோட நின்னுடுச்சு சார். ரெண்டு பஸ் மாறி வரும். அந்த டப்பாவுல விழுறதுதான் பஸ்ஸுக்கு ஆச்சு. இப்ப வீட்டுப் பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூடத்துல சமைக்குது.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “புதுப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. கூட்டத்துல மறந்திருக்கும்” என்றார்.

என் வீட்டிலும் டீ வடிகட்டி ஒன்று ஆணியில் தொங்குகிறது. ஊற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நான் கிண்ணத்தைப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தாள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அந்த நார்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். “இந்த மாதிரி நோயாளிக்கு எப்ப வேணும்னாலும் வரலாம் சார். அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க” என்றார். நல்ல மனிதர். பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து மகளும் கிளம்பிப் போன பிறகு, கேஷியரிடம் விசாரித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சட்டைப்பையில் ஓர் உறை. சமையல்கட்டு பின்பக்கம் இருந்தது. என்னைப் பார்த்ததும் மூடி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“என்ன சார், இவ்வளவு தூரம்?”

உறையை நீட்டினேன். “சூப்புக்கு” என்றேன்.

“அதுக்குத்தான் வெல குடுத்துட்டீங்களே சார்” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவளாகவே கேட்டாள்: “அம்மா எப்படி இருக்காங்க? அந்தப் பொண்ணு வடிகட்டித்தான குடுக்குது? படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தேன்.”

என் வாழ்நாளில் நான் பொய் எடை போட்டதில்லை.

“வடிகட்டித்தான் குடுக்குது” என்றேன். “நல்லா இருக்கா.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப இந்தக் காசுல அம்மாவுக்குப் பழம் வாங்கிப் பிழிஞ்சு குடுங்க சார். வடிகட்டிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டுகளைத் தட்டிக்கொண்டே ஓடிவந்து, வாசலில் நின்றிருந்த என் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்ற சின்னப் பெண் என் சட்டை நுனியை இழுத்தாள்.

“தாத்தா, நீங்க வரிசையிலயா நிக்கிறீங்க?”

நான் நகரவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் பொறுமையாக நின்றாள்.