கோடு சொன்ன அளவு

காலை ஒன்பதரை மணிக்கே குப்புராஜ் படியேறி வருகிறார் என்றால் கீழே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். ஷாப் சூப்பர்வைசரான அவருக்கு டிராயிங் ஆபீஸின் ஏசி காற்று ஆகவே ஆகாது. அன்றைக்கு மூச்சு வாங்க வந்தவர், நேராகப் பிரின்சியின் மேசைக்குப் போய் இரண்டு தாள்களை வைத்தார்.

“இன்னாம்மா இது? டிராயிங்ல பீம் ஆறாயிரம் மில்லின்னு கீது. உன் லிஸ்ட்ல ஐயாயிரத்து எட்நூத்தி அம்பதுன்னு கீது. நான் எத்த வெட்டறது? முப்பத்தாறு பீமு. கொறைய வெட்டிப்புட்டு அப்பால ஒட்டிக்கினா இருக்க முடியும்?”

பிரின்சி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஷெட்டுகள் செய்து தரும் அந்தக் கம்பெனியில் அவள் வேலை, கம்ப்யூட்டரில் படம் வரைவது. அந்தப் படம் வரையும் சாஃப்ட்வேருக்குள்ளேயே லிஸ்ப் வகையைச் சேர்ந்த ஒரு நிரல்மொழி ஒளிந்திருக்கிறது. திறந்தால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. அங்கே யாரும் அதைச் சீண்டியதில்லை. இவள்தான் ரயிலில் போகவர போனில் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டு, படத்தில் உள்ள கோடுகளை எல்லாம் அளந்து, வெட்ட வேண்டிய நீளங்களைப் பட்டியலாகத் தரும் ஒரு புரோகிராமை எழுதியிருந்தாள். இரண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் பட்டியல், டீ ஆறுவதற்குள் வந்து விழுந்துவிடும்.

மூன்று வாரமாகக் கால் தரையில் பாவாமல்தான் நடந்துகொண்டிருந்தாள். ஆரம்பாக்கத்தில் அவள் அப்பா தானியேல், “கம்ப்யூட்டருக்கே வேல சொல்லுது என் பொண்ணு” என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். சொல்லட்டுமே, பொய்யா என்ன?

“நான் அப்பவே சொன்னேன்” என்று எழுந்து வந்தார் பூவராகவன். டிராயிங் ஆபீசுக்குத் தலைவர். பத்தொன்பது வருஷமாக அவர் கை படாமல் ஒரு தாள் கீழே இறங்கியதில்லை. “பிராக்கெட் போட்டு விளையாடறதுக்கா கம்பெனி நடத்தறாங்க? குப்புராஜ், டிராயிங்ல இருக்கறத வெட்டு. பிரின்சி, நீ சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள அந்தப் புரோகிராம எல்லா சிஸ்டத்துலேர்ந்தும் அழிச்சிடும்மா.”

“சார், ஒரு தடவ பாத்துடறேன்...”

“பாரு. பாத்துட்டு அழிச்சிடு.”

மதியம் ஒரு மணி வரைதான் கெடு. பிரின்சி முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். தான் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். தப்பு கண்ணில் படவில்லை. பிறகு படத்தைத் திறந்து, புரோகிராமை ஓரங்கட்டிவிட்டு, அந்தக் கோட்டைத் தானே அளந்து பார்த்தாள். ஐயாயிரத்து எண்ணூற்று ஐம்பது. கோடு அவ்வளவுதான். அதன் மேல் இருந்த ‘ஆறாயிரம்’ கையால் டைப் அடித்த எண்.

விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. ஷெட்டுக்கு ஆர்டர் கொடுத்த பார்ட்டி கடைசி நேரத்தில் அளவை மாற்றிச் சொல்லியிருப்பார்கள். கோட்டை நீட்டினால், அதை ஒட்டி வரும் பத்துக் கோடுகளையும் நகர்த்த வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? எண்ணை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்துவிட்டால் ஆயிற்று. படம் வரைகிறவர்களில் இந்தத் திருட்டுத்தனம் செய்யாதவர்கள் யாரும் கிடையாது, பிரின்சியும் சேர்த்துத்தான்.

பூவராகவனிடம் போய்ச் சொன்னாள். அவர் அசரவே இல்லை.

“ஆமா, நான்தான் மாத்தினேன். கீழ எவன்மா கோட்ட அளக்கறான்? நம்பரத்தான் படிக்கறான். நம்பர் கரெக்ட்டு. உன் புரோகிராம நம்பியிருந்தா முப்பத்தாறு பீமும் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். இல்லன்னு சொல்லு பாப்போம்.”

அவர் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கோடு பொய் சொன்னதற்குப் புரோகிராம் என்ன செய்யும்? ஆனால் கோடு பொய் சொல்லும் என்று தெரிந்திருந்தும் அவள் அதைச் சோதிக்கவில்லையே. அந்தக் குற்றம் அவளுடையதுதான்.

மணி பதினொன்றரை. அழிக்கச் சொன்னார், எழுதாதே என்று சொல்லவில்லையே என்று உட்கார்ந்துவிட்டாள். வேண்டியது சின்ன வேலைதான். படத்தில் உள்ள அளவுகளை ஒன்றுவிடாமல் எடு. அதில் யாராவது கையால் எண் அடித்திருக்கிறார்களா பார். அடித்திருந்தால், அந்த எண்ணும் கோட்டின் நிஜ நீளமும் ஒன்றா பார். வேறுவேறாக இருந்தால் சிவப்பு வட்டம் போடு. மொத்தம் இருபது வரி. முதல் தடவை ஓட்டியபோது ஒரு அடைப்புக்குறியை மூட மறந்திருந்தாள். கம்ப்யூட்டர் முறைத்துக்கொண்டது, எங்கே என்று சொல்லவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் கண்டுபிடித்து மூடினாள். கட்டளைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே. இருந்த கோபத்தில் POOVA என்று வைத்தாள்.

டைப் செய்து தட்டினாள். படத்தில் பதினோரு சிவப்பு வட்டங்கள் விழுந்தன.

பார்ட்டி அனுப்பியிருந்த தாள்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பத்து இடத்தில் பூவராகவன் சொன்னதுதான் சரி. எண் சரி, கோடுதான் சோம்பேறி. பதினோராவது வட்டம், தூணின் அடியில் வரும் பிளேட்டில் இருந்தது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் நூற்று நாற்பது என்று எழுதியிருந்தது. கோடு நூற்று ஐம்பது. பார்ட்டியின் தாளிலும் நூற்று ஐம்பதுதான். சைட்டில் கான்கிரீட் போட்டு, போல்ட்டுகளை அந்தக் கணக்கில்தான் புதைத்திருந்தார்கள்.

போன வருஷத்து வேலை ஒன்றைத் திறந்து பார்த்தாள். அங்கே அதே பிளேட், நூற்று நாற்பது, கையால் அடித்தது. பூவராகவன் அதை அப்படியே காப்பி அடித்துப் புதுப் படத்தில் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். கோடு நீண்டது. கையால் அடித்த எண் மட்டும் இடித்த புளி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

பிரின்சி பூவராகவனின் மேசைக்கு ஓடினாள். “சார், பேஸ் பிளேட்டப் பாருங்க. இங்க கோடுதான் சார் கரெக்ட்டு.”

அவர் வந்து பார்த்தார். பார்ட்டியின் தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார்.

“குப்புராஜ், பேஸ் பிளேட்டு ட்ரில்லிங்க நிறுத்து. எத்தினி போட்டிருக்க?”

“நாலு ஆச்சு சார். இன்னும் முப்பத்தாறு கீது. ஏன் சார்?”

“நாலும் வேஸ்ட்டு. தப்பு என்னுது. புது டிராயிங் வருது, இரு.”

போனை வைத்தவரின் முகம் வெளிறியிருந்தது. நாற்பது பிளேட்டும் சைட்டுக்குப் போய், கிரேனில் தூணைத் தூக்கி நிறுத்தும்போது ஒரு போல்ட்டும் நுழையாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

“என்ன டைப் அடிச்சா இது ஓடும்?” என்று கேட்டார்.

பிரின்சி நெளிந்தாள். “சார்... கோவத்துல வெச்சிட்டேன் சார்...” என்று திரையைக் காட்டினாள்.

POOVA. படித்தார். பிறகு, பத்தொன்பது வருஷத்தில் யாருடைய நாற்காலியிலும் உட்காராத மனுஷன், அவளை நகரச் சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பெயரை அழித்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி PRINCY என்று அடித்தார்.

“தப்பு பண்ணவன் பேரு எதுக்கும்மா? கண்டுபுடிச்சவ பேருதான் இருக்கணும். எல்லா சிஸ்டத்துலயும் ஏத்திடு. அந்த லிஸ்ட் புரோகிராமும் இருக்கட்டும். மொதல்ல இத ஓட்டிட்டு அப்புறம் லிஸ்ட்டு எடுக்கலாம்.”

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை.

அதற்கப்புறம் குப்புராஜ் படியேறி வருவதை நிறுத்திவிட்டார். புதுத் தாள் இறங்கினால் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டு, கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கத்துவார்.

“சார்! இந்த ஷீட்டுக்குப் பிரின்சி போட்டாச்சா?”

“போட்டாச்சுய்யா!” என்று மேலேயிருந்து பூவராகவன் அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்வார். “மூணு வட்டம் விழுந்துச்சு. மூணும் என்னுதுதான். திருத்திட்டேன், வெட்டு!”

பிரின்சி திரையை விட்டு முகத்தைத் திருப்பமாட்டாள். திருப்பினால் அவள் சிரிப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.