மணி பிடிக்கிற கை

…அழுத்துறா அக்கா, மறுபடியும் அழுத்துறா, ரவை பாவம் என்ன பண்ணும், கடுகளவு வரவேண்டிய மணி மிளகளவு வருது, நாளைக்கு லூஞ்ஜாவோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கரண்டியில அள்ளிப் பார்ப்பாங்க, பொண்ணோட அம்மாவுக்கு ரவையில கூஸ்கூஸ் மணி உருட்டக்கூட வரலைன்னு மலை இறங்கற வரைக்கும் பேசுவாங்க, எல்லாம் என் பொண்ணு தலையிலதான் விடியும்… உருட்டறதுன்னு பேர்தானே தவிர யாரு உருட்டறா? உப்புத்தண்ணி தெளிச்சு, மாவு தூவி, உள்ளங்கையை மேலாகச் சுத்திட்டே இருந்தா மணி தானாப் பிடிக்கும், கை சும்மா வழி விட்டாப் போதும். இது ஃபரூஜா அக்காவுக்குத் தெரியாதா என்ன? யாரு கூப்பிட்டா இவளை? நான்தான், போன்ல. அவ மகன் கல்யாணத்துக்குப் படியேறி வந்து சொல்லாம, கூடப்பிறந்தவளைப் போன்ல கூப்பிட்டாளே, நான் போகல, அதோட பேச்சு நின்னுபோச்சு. இப்ப நானும் போன்லயே சொன்னேன், வரமாட்டான்னு நினைச்சேன். காலையில வந்து நிக்கிறா, ஒரு சலாம்கூட இல்ல, வளையலைக் கழட்டி வச்சுட்டு எதிர்ல உட்கார்ந்து என் மரத்தட்டுல கையை விட்டுட்டா.

சொல்லிடலாமா… அக்கா, கொஞ்சம் லேசா… சொன்னா போச்சு, வளையலை மாட்டிட்டு அடுத்த வண்டியில திஸி ஊஸூ டவுன்ல இருக்கற அவ வீட்டுக்கே போயிடுவா, ராத்திரி லூஞ்ஜா மருதாணிக்குக் கை நீட்டறப்போ பெரியம்மா இருக்கமாட்டா. சொல்லலைன்னா இந்த மிளகு. என்ன ஜென்மம் எடுத்தேனோ. சலிச்சா பாதிக்கு மேல சல்லடையிலேயே நிக்குது, அதை உடைச்சு மறுபடி தட்டுல போடறேன், அவ மறுபடி அழுத்துறா.

"என்னடி, சல்லடையை முறைக்கிறே?"ங்கறா. வந்ததுலேர்ந்து முதல் பேச்சு.

"ஒண்ணுமில்லக்கா, புழுக்கம்." வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். பேசுனா பேசிட்டுப் போகட்டும் மாப்பிள்ளை வீடு, பசிச்சா பெரிய மணியும் உள்ளே இறங்கும். "லூஞ்ஜா, பெரிய கண் சல்லடையை எடுத்துட்டு வாம்மா."

கொண்டு வந்தா. அக்கா அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. குனிஞ்சு கையைச் சுத்த ஆரம்பிச்சா… லேசா, மாவு மேல பட்டும் படாம, மணி கடுகு கடுகாப் பிடிக்குது, எனக்கே அப்படி வராது. அப்போ இவ்வளவு நேரம்? நான் வாயைத் திறக்கறேனான்னு பார்க்கவா அழுத்தினா?