சைதாப்பேட்டைப் பாலத்துப் பழக்கம்

மலைப் பாதையில் வண்டி ஓட்டியதுண்டா என்று வக்கீல் தேசிகாச்சாரி வெள்ளிக்கிழமை கேட்டபோது, டிரைவர் தணிகாசலம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். வக்கீலின் மனைவி கோமளம் வாசற்படியிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன், "ஓட்டிக்கீறேன் சாமி" என்றான்.

அவன் ஏறி இறங்கிய உயரமெல்லாம் சைதாப்பேட்டைப் பாலம் ஒன்றுதான். இல்லையென்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு மட்டும் வேறு டிரைவரைக் கூப்பிடுவார்கள். வந்தவனைப் பிடித்துப்போனால் அவனே தங்கிவிடுவான். வீட்டில் பாஞ்சாலிக்கு ஏழாவது மாதம்.

அந்தப் பாலத்தில் அவனுக்கு ஒரு பழக்கம். உச்சிக்கு வந்ததும் கியரை எடுத்துவிட்டு இன்ஜினை அணைத்துவிடுவான். பெட்ரோல் மிச்சம். வண்டி சத்தமில்லாமல் சரிந்து வரும். பின்னால் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு "பேஷ்" என்பார். மூன்று வருஷத்தில் அவர் அவனைப் பாராட்டியது அதற்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வக்கீலையும் கோமளத்தையும் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து கிளம்பினான். நகரி தாண்டி, மலையடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினான். அங்கே ஒரு கரி லாரி நின்றது. அதை ஓட்டும் ஷாஹுல் ஹமீது இராயப்பேட்டைக்காரர், பார்த்துப் பழகியவர்.

"இன்னா நைனா, இந்த மலைக்கு முன்னாடி வந்துக்கிறியா?"

வக்கீல் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"எத்தினியோ தபா" என்றான் தணிகாசலம்.

ஷாஹுல் ஹமீது அவனையே பார்த்தார். பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அப்போ உனுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணியும் இல்ல. போய்க்கினே இரு."

ஏறும்போது பெரிய சங்கடமில்லை. வண்டி உறுமிக்கொண்டே பதினான்கு திருப்பங்களையும் ஏறியது. மேலே கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். கீழே பள்ளத்தாக்கில் ஒரு பறவைகூட இல்லை. வக்கீல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் சாயத் தொடங்கியதும் கிளம்பினார்கள்.

முதல் இறக்கத்தில் வக்கீல் முன்னால் குனிந்தார். "ஏண்டா, பாலத்துல பண்ணுவியே, அதைப் பண்ணேன். இந்த இடத்துக்கு இந்தச் சத்தம் வேண்டாம்."

தணிகாசலம் இன்ஜினை அணைத்தான்.

டயருக்கடியில் சரளை நொறுங்குவதைத் தவிர வேறு ஓசையில்லை. "பேஷ்" என்றார் வக்கீல். இரண்டாவது திருப்பத்தில் பிரேக்கை மிதித்தான், மூன்றாவதில் இன்னும் அழுத்தி மிதித்தான். பாலம் முடிந்தால் தரை வந்துவிடும். இங்கே இறக்கத்துக்குப் பின்னால் இறக்கம்தான் வந்தது.

"ஏதோ கருகற வாசனை வரதே" என்றாள் கோமளம்.

"காட்டுல கரி சுடுவா" என்றார் வக்கீல்.

அவள் கண்ணாடியில் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தாள். அவன் வாய் திறக்கவில்லை. நான்காவது திருப்பத்தில் பிரேக் அவன் காலுக்கடியில் மெத்தையைப் போல அமுங்கியது. கியரைப் போடப் பார்த்தான். இரும்பு இரும்பைக் கடித்து அலறியதே தவிர உள்ளே விழவில்லை. வேகம் ஏறியது. எதிரே ஐந்தாவது திருப்பம். அதன் ஓரத்தில் கல்கூட நட்டிருக்கவில்லை, வெறும் ஆகாயம்.

"சாமி, நான் மலையில ஓட்னதே இல்ல. கெட்டியா பிடிச்சுக்கங்க."

சொல்லிக்கொண்டே வண்டியை மலைப்பக்கம் ஒடித்தான். பாறை தகரத்தைக் கிழித்துக்கொண்டே வந்தது. மட்கார்டு பிய்ந்து விழுந்தது. திருப்பத்துக்குப் பத்தடி முன்னால், மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி வண்டி நின்றது.

சக்கரங்களிலிருந்து புகை எழுந்தது. வக்கீல் இறங்கித் திருப்பம்வரை நடந்து போய், கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இருட்டறதுக்குள்ள வேற வண்டி வருமா?" என்று கோமளம் கேட்டாள்.

"தெரியலைங்கம்மா."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை நீ பதில் சொல்லத் தாமதிச்சபோதே எனக்குத் தெரியும்" என்றாள். "நானும் வாயைத் திறக்கலை."

பிரேக் சூடு ஆறிப் புகை அடங்கும்வரை காத்திருந்து, மூவருமாக வண்டியைப் பள்ளத்திலிருந்து தள்ளிச் சாலைக்கு ஏற்றினார்கள். இன்னும் பத்துத் திருப்பங்கள் இருந்தன. ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"ஏறச்சே எந்தக் கியர்ல வந்தே?"

"ரெண்டாவதுலம்மா. அதுல வண்டி வேகம் எடுக்காது."

"அதுலயே இறங்கு. இன்ஜின் கத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, கோமளம் பின்னால் போகாமல் அவன் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.